கரை எழுந்து நின்ற காலை

அன்று காலை ஏழே முக்கால் மணிக்கு ஜெனோவேவா, பறக்கத் தெரியாத நீர்க்காகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு. இஸபெலாத் தீவின் மேற்குக் கரையில், கருத்த எரிமலைப் பாறை கடலுக்குள் இறங்கும் ஓரத்தில், பெண் நீர்க்காகம் ஒன்று பாசிக் கூட்டில் உட்கார்ந்திருந்தது. ஆண் பறவை கடலுக்குள் முங்கி, ஒரு கொத்துப் பாசியை அலகில் கவ்விக்கொண்டு வரும். கிழிந்த குடை போன்ற குட்டை இறக்கைகளை விரித்தபடி நடந்து வந்து அதைப் பெண்ணிடம் நீட்டும். பெண் பறவை அதை வாங்கிக் கூட்டின் விளிம்பில் சொருகிக்கொள்ளும். பதினாறு பயணிகளும் அரைவட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெனோவேவாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பிறந்தது அதே தீவின் தென்கோடியில், புவேர்ட்டோ வில்லமிலில். ‘பாசியென்சியா’ என்ற சிறிய கப்பலில் அவள்தான் வழிகாட்டி. பதினாறு பயணிகள், எட்டு ஊழியர்கள், எட்டு நாள் சுற்று. கப்பலில் அவளுக்கு ‘ரெண்டு மீட்டர்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்த உயிருக்கும் இரண்டு மீட்டருக்குள் யாரும் போகக்கூடாது, எதையும் தொடக்கூடாது என்பது தேசியப் பூங்காவின் சட்டம். மற்ற வழிகாட்டிகள் ஓர் எட்டு முன்னே பின்னே பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள். இவள் இருக்கமாட்டாள். கடல்சிங்கக் குட்டி தானாகத் தவழ்ந்து வந்து காலை மோந்து பார்த்தால்கூட, பின்வாங்க வேண்டியது பயணிதான்.

இந்தக் கண்டிப்பு யாரை அதிகம் சுட்டது என்றால், படகோட்டி எலியோடோரோவை. எல்லோருக்கும் அவர் டோரோ, மரியாதையாகக் கூப்பிட்டால் ‘டோன்’ டோரோ. காளை என்று அர்த்தம்; ஆளும் அப்படித்தான். ஐம்பத்தெட்டு வயது. கடலட்டை பிடித்து வாழ்ந்த மனிதர், அது தடைபட்டபின் கப்பலுக்கு வந்தவர். நான்கு வருடத்துக்கு முன் வேறொரு தீவில், நீலக்கால் பறவையின் குஞ்சு ஒன்று வட்டத்துக்கு வெளியே உருண்டுவிட்டது. அந்தப் பறவைகளுக்குக் கூடு கிடையாது; எச்சத்தால் தரையில் ஒரு வட்டம், அவ்வளவுதான். வட்டத்துக்கு வெளியே கிடப்பதைத் தாய் தன் குஞ்சாகவே மதிக்காது. ஓரடி தள்ளிக் கிடந்து செத்தாலும் திரும்பிப் பார்க்காது. டோரோ கையிலிருந்த துடுப்பின் நுனியால் குஞ்சை மெல்ல உள்ளே தள்ளிவிட்டார். ஜெனோவேவா அதைப் பார்த்தாள். சுற்று முடிந்ததும் அறிக்கையில் எழுதினாள். அவருக்கு மூன்று மாதம் வேலை போயிற்று.

திரும்பி வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எப்போதும்போல ‘ஞாஞா’ என்றுதான் அவளைக் கூப்பிட்டார். அக்கா தங்கைக்கு அங்கே அதுதான் சொல். ஆனால் பயணியின் தொப்பி காற்றில் பறந்து விழுந்தால்கூட, “எடுக்கலாமா ஞாஞா, இல்ல எழுதிடுவியா?” என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வாயில் எப்படிக் கசக்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

நீர்க்காகம் பறப்பதை விட்டதால் அதற்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை, வேண்டியதெல்லாம் காலடியில் கடலில் இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் தரை அவளைத் தூக்கியது.

நடுங்கவில்லை. நடுக்கம் அவளுக்குப் பழக்கம், எரிமலைமேல் பிறந்தவள். இது வேறு. லிஃப்ட் சட்டென்று மேலே கிளம்பும்போது வயிறு மட்டும் கீழே தங்குமே, அப்படி இருந்தது. முழங்கால் மடங்கியது. கையை ஊன்றினாள். பாறையின் அடியில் எங்கோ பெரிய மரம் முறிவதுபோல ஒரு சத்தம் நீளமாக ஓடியது. பயணிகளில் பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள், பாதிப்பேர் விழுந்தார்கள். எல்லாம் பத்து எண்ணுவதற்குள் முடிந்தது.

அவள் எழுந்து நின்றாள். “காலடியில் கடலில் இருக்கிறது” என்ற வாக்கியத்தின் மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். தான் பேசுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற ரூர்ட் என்ற டச்சுக்காரர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினாள்.

கடல் போய்க்கொண்டிருந்தது. மெத்தையிலிருந்து விரிப்பை உருவுவதுபோல, எந்தப் பரபரப்பும் இல்லாமல், நழுவி நழுவிப் போயிற்று. அது போன இடத்தில் அவள் வாழ்நாளில் பார்க்காத ஒரு தரை வெளியே வந்தது. பச்சையும் ரோஜா நிறமும் வெள்ளையுமாகப் பவளம், குழிகள், பாசிக் காடு. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. முப்பது அடி தள்ளி மிதந்துகொண்டிருந்த டோரோவின் ரப்பர் படகு தண்ணீரோடு கீழே இறங்கி, பவளத்தின்மேல் உட்கார்ந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது. டோரோ அதற்குள் நின்றுகொண்டிருந்தார். கையில் துடுப்பு. தண்ணீர் இதோ வந்துவிடும் என்று காத்திருப்பவர்போல அசையாமல் நின்றார்.

பிறகு சத்தம் தொடங்கியது. தகரக் கூரையில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம். எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. மீன்கள். ஆயிரக்கணக்கில், குழிகளிலும் பாறைமேலும், வாலால் அடித்துக்கொண்டிருந்தன.

ஜெனோவேவா ஆட்களை எண்ணினாள். பதினாறு. மறுபடி எண்ணினாள். பதினாறு. மூன்றாம் முறை எண்ணத் தொடங்கினாள். வானொலியில் கேப்டன் அமில்காரின் குரல் வந்தது. அந்த மனிதர் வழக்கமாக ஒரு வாக்கியம் பேச ஒரு சிகரெட் நேரம் எடுப்பவர்.

“ஜெனோ, ஆளுங்க இருக்காங்களா?”

“பதினாறு பேரும் இருக்காங்க. டோன் டோரோவும் இருக்காரு. கேப்டன், தண்ணி போயிடுச்சு.”

“தெரியும். எனக்குக் கீழ ஆழம் பாதியாயிடுச்சு. நங்கூரத்த அறுத்துட்டு வெளிக்கடலுக்குப் போறேன். உங்கள ஏத்த இப்ப வரமுடியாது. மேல ஏறிடுங்க. அலை வரும்.”

கப்பல் முதுகைக் காட்டிக்கொண்டு போவதைப் பயணிகளும் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒரு பெண் மட்டும் செருப்பு மாற்றப் போகிறவள்போலக் கீழே உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜெனோவேவா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். பழைய எரிமலைக் குழம்பு உறைந்த ஒரு மேடு பின்னால் இருந்தது. நாற்பது அடி உயரம், உடைந்த பீங்கான்போல முனைகள். அதில்தான் ஏற வேண்டும். கடலோர இக்வானாப் பல்லிகள் பாறையில் குவியலாகக் கிடந்தன. அவை அசையவேயில்லை. வெயில் காய வந்த இடத்தில் காய்ந்துகொண்டிருந்தன. பூமி எழும்பினாலும் அவற்றுக்கு உடம்பு இன்னும் சூடேறவில்லை.

பெருநிலத்து நகரமான குவென்காவிலிருந்து வந்த ஒட்டிலியா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு எழுபத்திரண்டு வயது, ஒரு முழங்கால் சரியில்லை. டோரோ படகைவிட்டு இறங்கி ஓடி வந்து, அவரை முதுகில் தூக்கிக்கொண்டார். ரூர்ட் பின்னாலிருந்து தாங்கினார். மேட்டின் உச்சிக்குப் போனதும் டீச்சர் தன் சின்னப் பூப்போட்ட குடையை விரித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

அலை வந்தது. ஆனால் அவர்கள் பயந்த அளவுக்கு இல்லை. இருபது நிமிடம் கழித்து இடுப்பளவுத் தண்ணீர் ஒருமுறை உள்ளே புகுந்து, பவளத் தரையில் முக்கால் தூரம் ஏறி, வந்த வழியே போய்விட்டது. பழைய கரையை அது தொடவில்லை. அப்போதுதான் ரூர்ட் மெதுவாகச் சொன்னார், தண்ணீர் எங்கும் போகவில்லை என்று. அவர் பாலம் கட்டும் பொறியாளர். பழைய அலைக்கோட்டின் கறையையும் இப்போது கடல் நிற்கும் இடத்தையும் கையால் அளந்து காட்டினார். கரைதான் மூன்று மீட்டர் எழுந்துவிட்டது. கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜெனோவேவாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இதே தீவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் ஊர்பினா விரிகுடாவில் இப்படி நடந்ததைச் சுற்றுக்குச் சுற்று சொல்லியிருக்கிறாள். மரங்களுக்கு நடுவே நிற்கும் பழைய பவளத்தைக் காட்டியிருக்கிறாள். அது எலும்பு. உயிர் போய் எழுபது வருடமான எலும்பைக் காட்டி இத்தனை நாளும் கதை சொல்லியிருக்கிறாள். இங்கே கீழே இருப்பது இப்போது சாகிறது என்பதை அவள் மனம் வாங்கிக்கொள்ள மறுத்தது. அந்த ஆண் நீர்க்காகம் புதிய கடல் விளிம்பிலிருந்து அலகில் பாசியோடு வந்துகொண்டிருந்தது. முன்பு பத்தடி நடக்க வேண்டிய பறவை, நூற்றைம்பது மீட்டர் நடந்தது. துடிக்கும் மீன்களுக்கு நடுவே, ஒன்றைக்கூடப் பார்க்காமல், குழிகளில் விழுந்து எழுந்து கூட்டுக்கு வந்து சேர்ந்தது. பெண் பாசியை வாங்கிச் சொருகிக்கொண்டது. ஆண் மறுபடி கிளம்பியது.

பத்தரை மணிக்குத்தான் கேப்டன் மறுபடி அழைத்தார். இரண்டாவது படகு புதிய விளிம்புக்கு வரும். இரண்டு நடையில் எல்லோரையும் ஏற்ற வேண்டும். பவளத்தின்மேல் நடந்து வந்துவிடுங்கள் என்றார். செயற்கைக்கோள் தொலைபேசியில் பூங்கா அலுவலகத்தோடு பேசிவிட்டாராம். முதலில் மனிதர்களைப் பத்திரமாக ஏற்றுங்கள், எதையும் தொட வேண்டாம், நாளை காலை ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னார்களாம். சரியான உத்தரவுதான். அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இறங்கினார்கள். வெயில் நெற்றியில் அடித்தது. அழுகல் வாடை இன்னும் வரவில்லை. உப்பும் அயோடினும் கலந்த பச்சை வாடை மட்டும். சதுப்பு மரங்களை ஒட்டிய பழைய காயலின் வழியாகத்தான் போயாக வேண்டும். நேற்றுவரை அதில் பச்சை ஆமைகள் தூங்கும். இப்போது தண்ணீர் இல்லை. ஆமைகள் இருந்தன.

முதலில் பாறைகள் என்று நினைத்தாள். பிறகு ஒரு பாறை கழுத்தை நீட்டி மூச்சு விட்டது. அறுபது எழுபது இருக்கும். கருத்த பாறைமேல், தங்கள் எடையே தங்களை நசுக்க, துடுப்புக் கால்களால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே அசையவில்லை. ஓடுகள் காய்ந்து வெளுத்திருந்தன. கண்களிலிருந்து கெட்டியாக நீர் வழிந்தது. ஆமை உப்பை வெளியேற்றுவது அப்படித்தான், அது அழுகை இல்லை என்று அவள் ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறாள். அன்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பயணிகளை நடக்கச் சொன்னாள். நிற்காமல் நடங்கள் என்றாள். அவர்கள் நடந்தார்கள். டோரோ நின்றுவிட்டார். துடுப்பைக் கீழே வைத்தார், சட்டையைக் கழற்றினார், காயலுக்குள் இறங்கினார். முதல் ஆமையின் பின்பக்கம் போய் ஓட்டின் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்தார். எண்பது கிலோவுக்குக் குறையாது. அவர் இழுத்த விதத்திலேயே தெரிந்தது, சின்ன வயதில் வேறு காரணத்துக்காக ஆமைகளை இழுத்த கைகள் என்று.

“டோன் டோரோ, ஏறி வாங்க.”

அவர் ஆமையை இன்னோர் அடி இழுத்தார்.

“படகு வருது. ஆளுங்கள ஏத்தணும். நாளைக்குப் பூங்காவுலேருந்து வர்றாங்க.”

“நாளைக்கு வந்து இதுங்கள என்ன பண்ணுவாங்க, சூப்பு வைப்பாங்களா?” என்றார் டோரோ. “இந்தப் பாறைய தொட்டுப் பாரு. ரொட்டி சுடலாம்.”

“தொடக்கூடாதுன்னு இப்பதான சொன்னாங்க. இது இயற்கையா நடந்தது. நாம ஏற்படுத்தினது இல்ல. நாம தலையிடக்கூடாது.”

“தெரியும் ஞாஞா. அந்தப் பாடத்த நான் மூணு மாசம் வீட்ல உக்காந்து படிச்சேன்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “நீ எழுதிக்கோ. இந்தத் தடவை என் பேர நல்லா பெரிய எழுத்துல எழுது. போன தடவை ஸ்பெல்லிங் தப்பு.”

அவர் சிரிக்காமல் சொன்னார். நான்கு வருடத்தில் முதல்முறையாக அது வேடிக்கையாக இல்லை.

டீச்சர் ஒட்டிலியா காயலின் கரையிலேயே நின்றுவிட்டிருந்தார். முழங்காலை மடக்க முடியாமல், குடையை நீட்டிப் பிடித்திருந்தார். நிழல் ஓர் ஆமையின் தலைமேல் விழுந்தது. ஜெனோவேவாவைப் பார்த்து மிக மரியாதையாகக் கேட்டார்: “ஏம்மா, நெழலு தொட்டா தப்பா?”

அவள் பதில் சொன்னாளா என்பது அவளுக்கு நினைவில்லை. காயலுக்குள் எப்போது இறங்கினாள் என்பதும் நினைவில்லை. பிறகு விசாரணையில் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. நினைவில் இருப்பது ஒன்றுதான்: ஓட்டின் விளிம்பைப் பிடித்த கையில் சூடு ஏறியதும், அதன் அடியில் ஏதோ அடித்துக்கொண்டதும். பத்தொன்பது வருடம் இந்த உயிர்களோடு வாழ்ந்திருக்கிறாள். ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. ஆமையின் தோல் இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த அதிர்ச்சியில் கையை எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள்.

பயணிகள் யாரும் வரக்கூடாது என்று சொன்னாள். நான்கு பேர் வந்துவிட்டார்கள். ரூர்ட் கிழிந்த ரப்பர் படகிலிருந்து தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தார். ஆமையைத் தார்ப்பாயில் ஏற்றி ஐந்து பேர் இழுத்தால் ஓடும். பவளம் ஷூவைக் கிழித்தது. டோரோவின் முழங்காலிலிருந்து ரத்தம் ஓடி உப்பில் காய்ந்தது. இரண்டாவது படகு வந்து மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. டீச்சர் போக மறுத்துவிட்டார். கேப்டன் வானொலியில் இரண்டு முறை ஜெனோவேவாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், மூன்றாவது முறை கெட்ட வார்த்தையால் கூப்பிட்டார், பிறகு விட்டுவிட்டார். அடுத்த நடையில் படகோடு இரண்டு மாலுமிகளையும் ஒரு பெரிய வலையையும் அனுப்பினார். அதைப் பற்றி அவர் எப்போதும் பேசியதில்லை.

இருபத்து மூன்று ஆமைகளைக் கடலில் விட்டார்கள். இருபத்து நான்காவதை இழுத்துக்கொண்டிருந்தபோது தரை மறுபடி குலுங்கியது. சிறிய குலுக்கல்தான். ஆனால் சதுப்பு மரங்களுக்குப் பின்னாலிருந்த பாறைச் சுவர் இடிந்து, பெரிய துண்டுகள் காயலுக்குள் உருண்டன. தூசி அடங்கியபோது, கொஞ்ச நேரத்துக்கு முன் டோரோ நின்ற இடத்தில் ஆளுயரப் பாறை ஒன்று இருந்தது.

பதினாறு பேரை எண்ணியவள், பதினேழாவது ஆளை எண்ணவில்லை என்று ஜெனோவேவாவுக்குள் ஒரு நினைப்பு மின்னலாக ஓடியது. பாறைக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று பார்க்க அவள் போகவில்லை. ரூர்ட்தான் ஓடினார்.

டோரோ பாறைக்கு அந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. பக்கத்தில் ஓர் ஆமை நசுங்கிக் கிடந்தது; அவர் இழுக்கப் போனது. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே, கால் இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டார். இருந்தது. கணுக்கால் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, எங்கே தொடலாம் என்று தெரியாமல், அவர் காதைப் பிடித்துக்கொண்டாள். காதைத்தான். அவர் கப்பலுக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் காதை அவள் விடவில்லை என்று மாலுமிகள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை கப்பலின் தளத்திலிருந்து பார்த்தார்கள். கரை வெளுத்துப் போயிருந்தது. வானம் முழுக்கக் கூழைக்கடாக்களும் போர்க்கப்பல் பறவைகளும். பருந்துகள் ஆமைகள்மேல் உட்கார்ந்திருந்தன. பென்குவின்கள் குழிகளில் மீன் பொறுக்கின. கடல்சிங்கங்கள் புதிய பவளத்தில் ஏறிப் படுத்துக்கொண்டு, எப்போதும் அங்கேயே இருந்தவைபோலக் கொட்டாவி விட்டன. பயணிகள் புகைப்படம் எடுக்கவில்லை. பூங்காவின் படகு வந்து ஆட்கள் இறங்கியபோது, புதிய விளிம்பில் மூன்று ஆமைகள் கிடந்தன. இரவு அலையோடு பழைய தூங்கும் இடத்தைத் தேடி வந்து மாட்டிக்கொண்டவை. நேற்று விட்டவைதானா, வேறா என்று சொல்ல வழியில்லை. அவற்றில் இரண்டு உயிரோடு இருந்தன. அந்த ஆட்கள் தூக்கி விட்டார்கள். அவர்களுக்கு அனுமதி இருந்தது.

அன்று பிற்பகல் அவள் அறிக்கை எழுதினாள். நடந்ததை வரிசையாக எழுதினாள். சட்டத்தை மீறியது தான் என்றும், படகோட்டியும் மாலுமிகளும் பயணிகளும் தன் உத்தரவின்பேரில்தான் செயல்பட்டார்கள் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது.

விசாரணை ஆறு வாரம் கழித்து நடந்தது. மூன்று அதிகாரிகள். மரியாதையாகவே பேசினார்கள். அவர்களில் ஒரு பெண் அந்தக் காயலைப் போய்ப் பார்த்தவர். கேள்வி கேட்கும்போது அவ்வப்போது நிறுத்தித் தண்ணீர் குடித்தார். சாட்சியாக டோரோவைக் கூப்பிட்டார்கள். ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். வழிகாட்டி உங்களுக்கு உத்தரவு கொடுத்தாரா என்று கேட்டார்கள்.

“குடுத்தா,” என்றார் டோரோ. “ஏறி வாங்கன்னு உத்தரவு போட்டா. நான் கேக்கல.”

ஜெனோவேவா தலையைத் தூக்கினாள். அறிக்கையில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார் அதிகாரி.

“அவ பொய் எழுதியிருக்கா, ஐயா. பழக்கமில்லாதவ, அதான் மாட்டிக்கிட்டா. மொதல்ல கைய வெச்சது நானு. எம் பேர எடுத்துட்டு யாரு பேரையும் போட வேண்டாம். நாஞ் செஞ்சது எங்கிட்டயே இருக்கட்டும்.”

அவள் அவரைக் காப்பாற்ற எழுதினாள். அவர் அதை அவள் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்துவிட்டார். அடிபட்டதுபோல உட்கார்ந்திருந்தாள். கோபமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று பிரிக்க முடியவில்லை. வெளியே வந்தபின் படிக்கட்டில் அவரைப் பிடித்து, ஏன் இப்படிச் செய்தீர்கள், உங்களுக்குத்தானே நஷ்டம் என்று கேட்டாள்.

“நாலு வருஷம் முன்ன நீ உண்மைய எழுதின. எனக்கு வலிச்சுது. ஆனா உண்மைன்னு தெரியும்,” என்றார். “இப்ப எனக்காகப் பொய் எழுதினா, அப்ப எழுதினதுக்கு என்ன மரியாதை? அந்த மூணு மாசம் வெட்டியா போயிடும்ல?”

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். டோரோ ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, போகிறவர்கள் வருகிறவர்களிடம் அவளுக்குப் பல்வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு தபாலில் வந்தது. டோரோவுக்கு மூன்று மாதம். அவளுக்கு ஐந்து மாதம், தவறான அறிக்கைக்காக இன்னும் ஒரு மாதம். பயணிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாக டீச்சர் ஒட்டிலியா குவென்காவிலிருந்து எழுதினார். அந்தக் கரை பயணிகளுக்கு மூடப்பட்டது. நாற்பத்தோரு ஆமைகள் செத்ததாகக் கணக்கெடுத்தார்கள். கடலில் விட்ட இருபத்து மூன்று என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் அதிகாரியிடம் ஜெனோவேவா ஒருமுறை கேட்டாள். அடையாளம் எதுவும் போடாததால் சொல்ல முடியாது என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, நானாக இருந்தாலும் அடையாளம் போட நேரம் இருந்திருக்காது என்றார்.

அந்த ஆறு மாதமும் அவள் வில்லமிலில் தங்கை பெர்லாவின் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தாள். விடியலில் யூக்கா என்ற மரவள்ளி மாவில் ரொட்டி, பத்து மணிக்குப் பாலாடைக்கட்டியை மாவில் மடித்துப் பொரித்த எம்பனாடா. டோரோ ஊன்றுகோலோடு வந்து மூலையில் உட்கார்ந்து, எம்பனாடாவில் காற்றுதான் அதிகம், பாலாடைக்கட்டி இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது என்று குறை சொல்வார். ஜெனோவேவா அவர்மேல் மாவை வீசுவாள்.

ஒரு நாள் பத்தரை மணி இருக்கும், தண்ணீர் லாரி ஒன்று கடை வாசலில் பள்ளத்தில் இறங்கி ஏறியது. தரை அதிர, கண்ணாடி அலமாரி கடகடத்தது. ஜெனோவேவா அடுத்த கணம் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மாவு, ஒரு காலில் செருப்பு இல்லை. எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் டோரோ நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோல் கடைக்குள்ளேயே கிடந்தது. இருவரும் லாரி போவதைப் பார்த்தார்கள். அது வளைவில் திரும்பி மறைந்தது. உள்ளேயிருந்து பெர்லா, அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று சொன்னாள். இரண்டு பேருக்கும் உள்ளே போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.